பதினோராம் படுக்கையை ஒப்படைத்த நாள்

என் மகளுக்கு நடக்க வேண்டிய அறுவை சிகிச்சையை இரண்டு முறை கெடுத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அன்பான சபையாரே, உங்களில் பலர் எங்களுக்காக ஜெபித்தீர்கள். "ஜெமிமா பாப்பாவின் ஆபரேஷனுக்காக" என்று மட்டும்தான் ஜெபக் குறிப்பில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது தாள்.

என் பெயர் ரூத். பிறந்தது காங்கேயம் பக்கம். அப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் ஆலையில் கொப்பரை காய வைக்கும் வேலை. எங்கள் தெருவில் பட்டாளத்துக்குப் போன முதல் பெண் நான். ராணுவத்தில் செவிலியராக ஐந்து வருடம் இருந்தேன், கேப்டனாக வெளியே வந்தேன். முதல் விடுமுறைக்குச் சீருடையில் வந்தபோது அப்பா என்னைச் சாப்பிடக்கூட விடவில்லை. கொப்பரை காயும் களத்துக்கு அழைத்துப்போய், முதலாளி தொடங்கி லோடு ஏற்றுகிறவர் வரைக்கும் காட்டினார்.

"இது என்ற புள்ளைங்க. ஆபீசருங்க," என்றார். அன்றைக்கு அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

அந்தப் பெருமையை நான் பத்திரமாக வைத்திருந்திருக்க வேண்டும். நான்காம் வருடத்தில் ஒரு மதியம் அது என் கையை விட்டுப் போனது.

வடக்கே மலைப்பகுதியில் ஒரு ராணுவ மருத்துவமனை. வண்டி பள்ளத்தில் உருண்டு அடிபட்ட ஒரு ஹவில்தார் என் வார்டில், பதினோராம் படுக்கையில் இருந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், அது அவர் வீட்டாருடையது. வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் "வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது" என்ற அட்டை தொங்கியது. மதியம் இரண்டு மணிக்கு நான் பணிக்கு வந்ததிலிருந்து அவர் தண்ணீர் கேட்டார். "சிஸ்டர், ஒரு வாய். ஒரே வாய்" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே இருந்தார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன். ரத்த அழுத்தம் இறங்கியது. டாக்டரை அழைத்தேன், அவரும் வந்தார், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். தேறுவது கஷ்டம் என்று டாக்டர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹவில்தார் மறுபடியும் கேட்டார். மற்ற படுக்கைகளிலும் வேலை இருந்தது. நான் சொன்னேன்: "நாலு மணிக்குத் தர்றேன்."

நாலு மணிக்குத் தரலாம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவரைச் சும்மா இருக்க வைப்பதற்காக நான் சொன்ன பொய் அது. அவர் நம்பினார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று நாற்பதுக்கு இறந்துபோனார்.

தண்ணீர் கொடுக்காதது சரி. இன்றைக்கும் அதே அட்டை தொங்கினால் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரு மனிதர் தன் கடைசி நேரத்தை என் பொய்யை நம்பிக் கடிகாரத்தைப் பார்த்தே கழித்தாரே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்துப் பணியை முடித்துக்கொண்டு வந்தேன். சாமுக்கும் எனக்கும் திருமணம் நடந்து கோவையில் குடிவந்தோம். ஜெமி பிறந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள், எல்லா இடத்திலும் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஜன்னலில், தலையணைக்குப் பக்கத்தில், வண்டியின் முன்பெட்டியில், என் கைப்பையில் இரண்டு. "ரூத் நல்லாப் புள்ளை வளர்க்கிறா" என்று நீங்கள் பாராட்டினீர்கள். உண்மை அதுவல்ல. என் பிள்ளையிடம் "இரு, அப்புறம் தர்றேன்" என்ற ஒரு வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் தண்ணீர் என்று சொல்லி முடிக்கும்முன் பாட்டில் அவள் வாயில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு வியர்த்துவிடும்.

போன வருடம் குடியரசு தின வாரத்தில் நம் சபையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். எவ்வளவு அன்பாகச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைய வேத வாசிப்பு, தாகமாயிருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் பற்றியது. பொன்னாடையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையை அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டேன்.

நம் சபையில் ஒரு சகோதரியிடம் ஒருமுறை இதைச் சொல்லப் பார்த்தேன். பாதியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அட கண்ணு, நீ ஒரு தப்பும் பண்ணலியே. டாக்டர் சொன்னதத்தான பண்ணுன. விட்டுப்போடு," என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் அதற்கு மேல் நான் என்ன சொல்வது? தப்பே இல்லை என்று அவர் முடித்துவிட்ட பிறகு சொல்வதற்கு இடம் எங்கே இருக்கிறது? "ஆண்டவரே, மறக்கப் பண்ணும்" என்று மட்டும் ஜெபித்து வந்தேன். அந்த ஜெபத்துக்குப் பதில் வரவில்லை.

ஜெமிக்கு மூன்றரை வயதில் அடிவயிற்றில் ஒரு பக்கம் வீக்கம் தெரிந்தது. அழுதால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். குடலிறக்கம் என்றார்கள். சின்ன ஆபரேஷன்தான், தள்ளிப்போடாதீர்கள், குடல் சிக்கிக்கொண்டால் ஆபத்து என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். எனக்கு அவர் சொல்லத் தேவையே இல்லை. சிக்கிய குடலை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணிக்கு மேல் தண்ணீரும் கூடாது, ஒன்பதரைக்கு ஆபரேஷன். எட்டு மணிக்கு ஜெமி கேட்டாள், "அம்மா, தண்ணி." நான் அவளைக் கழிவறைக்குத் தூக்கிப்போய், கதவைத் தாழிட்டு, பாட்டிலைக் கொடுத்தேன். வயிற்றில் தண்ணீர் இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். தெரிந்தே கொடுத்தேன். மயக்க மருந்து டாக்டர் கேட்டபோது மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அன்று ஆபரேஷன் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்டில் மறுபடி தேதி கொடுத்தார்கள். மறுபடி அதே கழிவறை. இந்த முறை நான் வெளியே வந்தபோது வாசலில் ஒரு பெண் காவலாளி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். நீலச் சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. ஜெமியின் ஈரமான உதட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேரே நர்ஸ் மேஜைக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

டாக்டர் எல்லார் முன்னாலும் திட்டினார். "நீங்க நர்ஸ்னு ஃபைல்ல எழுதியிருக்கு. படிச்சவங்களே இப்படிப் பண்ணினா? இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற ஆஸ்பத்திரி பார்த்துக்குங்க." சாம் என்னோடு பேசவில்லை. வீட்டில் அத்தை, சாமின் அம்மா, மட்டும் பேசினார்.

"எத்தன பட்டாளத்துக்காரனுக்கு ஊசி போட்ட கையி! பெத்த புள்ளைக்கு ரெண்டு மணி நேரம் தண்ணி தராம இருக்க முடீலியா அம்மணி?"

அவர் கேட்டதில் பிழை இல்லை.

அன்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது வண்டி நிறுத்துமிடத்துக்கு அந்தக் காவலாளி பின்னாலேயே வந்தார். "ஏனுங்க அம்மணி, சித்த நில்லுங்க," என்றார். "நாந்தான் சொன்னனுங்க. புள்ளை உசுருங்க. சொல்லாம இருக்க முடியாதுங்க."

"சரி, சொல்லிட்டீங்கல்ல," என்றேன். கோபத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் போகவில்லை. "நீங்க சர்வீஸ்ல இருந்தவங்களா?"

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லோணுமா? டாக்டரு திட்டறப்ப மத்த அம்மாங்க எல்லாம் அழுவாங்க, இல்லாட்டி சண்டைக்கு வருவாங்க. நீங்க சாவ்தான்ல நின்னீங்க. கால் ரெண்டும் சேர்ந்து, கட்டைவிரலு சுடிதார் தையல் மேல. பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சாவ்தான் என்பது அணிவகுப்பில் விறைத்து நிற்கச் சொல்லும் கட்டளை. நான் அப்படி நின்றது எனக்கே தெரியாது. வண்டியில் ஏறிவிட்டேன்.

அன்று மாலை சமையலறையில் நின்றபடியே ஜெபித்தேன். முதல் முறையாக ஜெபத்தை மாற்றிக் கேட்டேன். "ஆண்டவரே, மறக்க வைக்கக் கேட்கவில்லை. நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆளை அனுப்பும்." இப்படிக் கேட்பது சரியா என்று அப்போதும் சந்தேகம்தான். விசுவாசக் குறைவோ என்று நினைத்தேன். ஆனாலும் கேட்டேன்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெமி சளி பிடித்து இருமிக்கொண்டிருந்தாள். திடீரென்று வீறிட்டாள். வீக்கம் கல்லாகிவிட்டிருந்தது. கை வைத்தேன், உள்ளே போகவில்லை. சாம் மருத்துவமனைக்குப் போன் செய்தார், நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், தெருமுனையில் ஆட்டோ கிடைத்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் ஒரு ஜெபமும் சொல்லவில்லை. "என்னால, என்னால" என்றுதான் சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த மருத்துவமனைக்குள் வண்டி போக வேண்டுமானால் கேட்டில் நிறுத்தி, பெயர் சொல்லி, சீட்டு வாங்க வேண்டும். அன்று எங்கள் ஆட்டோ திரும்பும்போதே கேட் விரியத் திறந்திருந்தது. அந்தப் பெண் காவலாளி வெயிலில் ரோட்டுக்கே வந்து நின்று, மற்ற வண்டிகளை ஒரு கையால் நிறுத்திவிட்டு, மறு கையால் எங்களை உள்ளே அனுப்பினார். "போங்க, போங்க, நிக்காதீங்க!"

டாக்டர் மெதுவாக அழுத்தி வீக்கத்தை உள்ளே தள்ளினார். குடலுக்குச் சேதமில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார். பத்து நாளுக்குள் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், அடுத்த ஞாயிறு சேருங்கள், திங்கள் காலை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஜெமி தூங்கிய பிறகு கேட்டுக்கு இறங்கிப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன். அவர் பெயர் செல்வி. கருமத்தம்பட்டிக்காரர். மத்திய காவல் படை ஒன்றின் பெண்கள் பிரிவில் பதினான்கு வருடம் கான்ஸ்டபிளாக இருந்தவர்.

"நீங்க என்னவா இருந்தீங்க?"

"நர்சிங். கேப்டன்."

"அடக் கெரகமே! கேப்டன் மேடத்தையா நான் போட்டுக் குடுத்தேன்? சல்யூட்டல்ல அடிச்சிருக்கோணும்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

அப்புறம் அவர் சிரிப்பு நின்றது. கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு ஊருல ஊரடங்கு டூட்டிங்க. வர்ற வண்டியெல்லாம் முழுசா சோதனை பண்ணாம உடக்கூடாதுன்னு ஆர்டரு. ஒரு வண்டில மாசமா இருக்கற புள்ள, வலில துடிக்குது. பொம்பளைங்களச் சோதிக்கறது எனக்குக் குடுத்த வேலை. இருவது நிமிசம் ஆச்சுங்க. ஆர்டருப்படி எல்லாம் பாத்துத்தான் அனுப்புனேன். கொழந்தை தங்கலன்னு ரெண்டு நாள் கழிச்சுச் சொன்னாங்க. அந்த இருவது நிமிசத்தாலயா, வேற எதாலயான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாதுங்க." சேலைத் தலைப்பு இல்லாததால் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தார். "வெளிய வந்ததும் நாலு வேலை கிடைச்சுதுங்க. கேட்டு வேலைதான் வேணும்னு வாங்குனேன். சைரன் கேட்டா, போன் வந்தா, வண்டி வர்றதுக்கு முன்னாடியே தொறந்துருவேன். வருசம் அஞ்சாச்சு. ஒரு வண்டியும் நின்னதில்லைங்க."

ஒரு வண்டியும் நின்றதில்லை. அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து நின்ற விதம் என் கண்ணிலேயே இருக்கிறது. எந்த அணிவகுப்பிலும் அப்படி ஒரு நிமிர்வை நான் பார்த்ததில்லை.

நான் கேட்ட ஆள் இவர்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. நம் சபையைச் சேர்ந்தவர் இல்லை. வாரா வாரம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். என்னைக் காட்டிக் கொடுத்தவர். ஆண்டவர் பன்னிரண்டு நாளுக்கு முன்பே, நான் ஜெபிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே, அவரைக் கழிவறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நான்தான் வண்டியேறிப் போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறி கருமத்தம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம் விசைத்தறிக் கூடம். தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். "இங்க எதச் சொன்னாலும் பக்கத்து ஊட்டுக்குக் கேக்காதுங்க. நல்லாக் கத்தியே சொல்லலாம்," என்றார் செல்வி அக்கா. பதினோராம் படுக்கையைப் பற்றி முழுதும் சொன்னேன். அவர் இடையில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நான் முடித்ததும், தப்பு என்றும் சொல்லவில்லை, தப்பில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஆஸ்பத்திரில டூட்டி முடிஞ்சா என்னங்க பண்ணுவீங்க? நாங்க துப்பாக்கிய எண்ணி ஒப்படைச்சுட்டு, ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் தங்கற லைனுக்குப் போவோம்."

"நாங்களும் ஒப்படைப்போம். ஒவ்வொரு படுக்கையா போய், அடுத்த ஷிப்ட் சிஸ்டர்கிட்ட, இவருக்கு என்ன, என்ன கொடுத்தாச்சு, என்ன கொடுக்கலை, என்ன பாக்கினு சொல்லணும். அவங்க எடுத்துக்கிட்டேன்னு சொன்னாத்தான் நாம வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப அந்த ஆள யாருகிட்ட ஒப்படைச்சீங்க?"

அன்று இரவுப் பணிக்கு வந்த சிஸ்டரோடு வார்டைச் சுற்றியது நினைவுக்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னேன். பதினோராம் படுக்கையில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். "பதினொண்ணு காலி" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்குப் போனேன். காலிப் படுக்கையை யாரும் ஒப்படைப்பதில்லை.

"ஒப்படைக்கலைங்க அக்கா," என்றேன்.

"அப்ப உங்க டூட்டி இன்னும் முடியல," என்றார் செல்வி அக்கா. எழுந்தார். கொண்டையைச் சரிசெய்தார். என் முன்னால் நேராக நின்றார். "சொல்லுங்க மேடம். நான் எடுத்துக்கறேன்."

நானும் எழுந்து நின்றேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. வார்டில் சொல்வது போலவே சொன்னேன். படுக்கை எண் பதினொன்று. இன்ன காயம். இன்ன அறுவை சிகிச்சை. இன்னின்ன மருந்து கொடுக்கப்பட்டது. உதடு நனைக்கப்பட்டது. தண்ணீர் கொடுக்கப்படவில்லை, உத்தரவுப்படி. நாலு மணிக்குத் தருவதாகச் சிஸ்டர் ரூத் சொன்னார், உத்தரவில்லாமல். நோயாளி அதை நம்பினார். மூன்று நாற்பதுக்கு இறந்தார். சொன்ன சொல் பாக்கி.

"எடுத்துக்கிட்டேன்," என்றார்.

அவ்வளவுதான். அப்புறம் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆறு வருடத்தின் அழுகை. அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "உங்க சாமிகிட்ட சொல்ல வேண்டியது இருந்தாச் சொல்லிக்குங்க அம்மணி. நான் இங்கயே இருக்கறேன்," என்றார். பொய் சொன்னேன் ஆண்டவரே, மன்னியும் என்று வாய்விட்டு ஜெபித்தேன். தப்பே இல்லை என்றவர்கள் நடுவில் கேட்க முடியாத மன்னிப்பை அங்கேதான் கேட்டேன். கிடைத்தது என்று நிச்சயமாகச் சொல்கிறேன். என் வாழ்க்கையில் நான் நிச்சயமாகச் சொல்கிற விஷயங்கள் குறைவு. இது ஒன்று.

பிறகு முறை மாறி, அவர் தன் இருபது நிமிடத்தைச் சொல்ல, நான் நின்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வந்தது. எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. செல்வி அக்கா கேட் வேலையை அன்றைக்கு மட்டும் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு மருத்துவமனையில் நாங்கள் இருந்த மாடிக்கு வந்திருந்தார். ஏழு மணிக்கு ஜெமிக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்தேன். கைப்பையில் இருந்த இரண்டு பாட்டிலையும் எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"பாட்டில் ரெண்டு. டாக்டர் சொல்ற வரைக்கும் திருப்பித் தரக்கூடாது."

"எடுத்துக்கிட்டேன் மேடம்," என்று சல்யூட் அடித்தார். சாம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் முந்தைய நாள்தான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என் தலையில் கை வைத்தார்.

எட்டரைக்கு ஜெமி ஆரம்பித்தாள். "அம்மா, தண்ணி."

வழக்கமான வியர்வை வந்தது. ஒரு நேரத்தைச் சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. பத்து மணிக்கு, பதினொரு மணிக்கு, ஏதாவது ஒன்று. நான் சொன்னேன்: "இப்பத் தர மாட்டேன் கண்ணு. எப்பத் தருவேன்னு அம்மாவுக்கே தெரியாது. ஆனா தர்ற வரைக்கும் அம்மா இங்கயேதான் இருப்பேன்."

அவள் அழுதாள். நன்றாகவே அழுதாள். அவசர நோயாளி ஒருவர் வந்ததால் ஒன்பதரை பதினொன்றானது. அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஜெமி கேட்டாள், "நீயும் குடிக்கலியா?"

"குடிக்கல."

"அப்பா?"

"அப்பாவும் குடிக்கல."

"செல்வி அத்தை திருட்டுத்தனமாக் குடிச்சிருப்பாங்க," என்றாள். கதவோரம் நின்றிருந்த செல்வி அக்கா, "சத்தியமா இல்லீங்க மேடம்!" என்று விறைத்து நின்றார். அழுத கண்ணோடு ஜெமி சிரித்தாள். பதினொன்றே காலுக்கு அந்தச் சிரிப்போடுதான் உள்ளே போனாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம் என்றார். செல்வி அக்கா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். முதல் ஸ்பூன் ஜெமியின் வாயில் இறங்கியது. கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு ஐந்து. பதினோராம் படுக்கைக்காரரை நினைத்துக்கொண்டேன். மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. ஆனால் இப்போது அவர் என்னைப் பார்ப்பதில்லை. நான் அவரைப் பார்க்கிறேன். இதைச் சரியாகச் சொல்கிறேனா என்று தெரியவில்லை.

இன்று நாங்கள் ஏழு பேர். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து மலையிறங்கி வருகிறார், என்னைப் போலவே ராணுவத்தில் செவிலியராக இருந்த எஸ்தர். மற்ற நால்வரும் காவல் படைகளில் இருந்தவர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் கூடுகிறோம். ஒருவர் நின்று சொல்வார், ஒருவர் நின்று எடுத்துக்கொள்வார். அழுகையும் உண்டு, மேலதிகாரிகளைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்பதும் உண்டு. பேச்சே வராமல் மூன்று கூட்டம் சும்மா உட்கார்ந்திருந்த ஒருத்தி போன மாதம் எழுந்து நின்றாள். அன்றைக்கு எங்களுக்கு வந்த பெருமையை எந்தப் பதக்கத்தோடும் ஒப்பிட மாட்டேன். இந்தப் பெண்களோடு சேர்த்து எண்ணப்படுவது எனக்கு மரியாதை. அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்த பொன்னாடையைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அதைப் போர்த்திய கைகளுக்கு இப்போது மனதார நன்றி சொல்கிறேன்.

சபையாரே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் சீருடை கழற்றி வந்த ஒரு மகளோ மருமகளோ இருக்கலாம். அவள் எதையோ சொல்ல வாயெடுத்தால், நீ தப்பே பண்ணவில்லை என்று அவசரமாக முடித்துவிடாதீர்கள். முழுதும் கேளுங்கள். எடுத்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள். நீங்களே தாங்க வேண்டியதில்லை, உங்களிடமிருந்து வாங்கிக்கொள்ள மேலே ஒருவர் இருக்கிறார். நீங்கள் ஜெபித்துக் கேட்ட ஆள் வேறு கோயிலுக்குப் போகிறவராகவும் இருக்கலாம், உங்களைக் காட்டிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். என்னைப் போல வண்டியேறிப் போய்விடாதீர்கள். கேட்டதைக் கொடுக்கிறவரை நம்புங்கள்.

நேற்று மாலை ஜெமி வாசலில் விளையாடிவிட்டு ஓடிவந்து தண்ணீர் கேட்டாள். என் இரண்டு கையும் மாவாக இருந்தது. "சித்த இரு கண்ணு, வாரேன்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அவள் காத்திருந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு போனேன்.